எர்ணாகுளம் இரண்டு மைல்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே என்னை ஒரு திருடனைப் பிடிக்கச் சொன்னார்கள். பி.காம். முடித்து, டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணி, மட்டாஞ்சேரி பஜாரில் மிளகும் சுக்கும் ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் கிளார்க்காகச் சேர்ந்திருந்தேன். அப்பாயின்ட்மென்ட் லெட்டரில் திருடனைப் பற்றி ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. பெட்ரோல் விலை திடீரென்று ஏறி, அதுவரை பெட்ரோல் பில்லைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டவர்கள் எல்லாம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்க்க ஆரம்பித்த காலம். எங்கள் முதலாளியும் அப்படித்தான் ஆரம்பித்தார். அவருடைய தாத்தா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சுக்கு வாங்க வந்து, திரும்பிப் போக மறந்தவர். முதலாளி மிளகை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தே எந்த மலையில் விளைந்தது என்று சொல்லிவிடுவார். கம்பெனியின் கறுப்பு அம்பாசடரைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அது கறுப்பு என்பது மட்டும்தான்.

இன்று வண்டி வைத்திருக்கும் பிள்ளைகள் "மைலேஜ் கிடைக்கலை" என்று என்னிடம் வந்து புலம்புகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1. பேப்பர்வெயிட்

மேனேஜர் மணி ஸ்வாமி பாலக்காட்டுக்காரர். அவர்தான் பெட்ரோல் பில் கட்டை என் முன்னால் வைத்தார்.

"இதைப் பாரு குட்டி. வண்டி லிட்டருக்கு மூணு கிலோமீட்டர் கூட ஓடலை. லாரி இதைவிட நன்னா ஓடும். பெட்ரோல் எங்கேயோ போறது. எங்கே போறதுன்னு நீ கண்டுபிடிக்கணும், கேட்டயோ?"

"கிலோமீட்டர் எப்படிப் பார்த்தீங்க ஸ்வாமி?"

"பாக்கறது என்ன? மீட்டர் கேபிள் அறுந்து வருஷமாச்சு. எர்ணாகுளம் ரெண்டு மைல். போய்வர நாலு. தாராளமா ஏழு கிலோமீட்டர்னு போட்டிருக்கேன். தெரிஞ்ச ஊருக்குப் போறதுக்கு மீட்டர் என்னத்துக்காக்கும்?"

நான் தலையாட்டினேன். எர்ணாகுளம் இரண்டு மைல் என்பது மட்டாஞ்சேரியில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். நானும் படகில் ஏறித்தான் காலேஜுக்குப் போனவள். படகு ஜெட்டியில் ஏறினால், பக்கத்தில் இருப்பவளிடம் வாங்கிய நோட்ஸை முழுதாகப் படித்து முடிப்பதற்குள் அக்கரை வந்துவிடும்.

வண்டிக்கு இருந்த வேலையும் அநேகமாக அந்த ஒரு பயணம்தான். முதலாளி வாரத்தில் பாதி நாள் எர்ணாகுளத்தில் பாங்குக்கும் ஷிப்பிங் ஏஜென்ட் ஆபீசுக்கும் போவார். ஆனால் அவருக்குக் காரில் உட்கார்ந்தால் தலை சுற்றும். அதனால் அவர் படகில் போவார். டிரைவர் முன்னதாகவே கிளம்பி, காலி வண்டியை எர்ணாகுளம் ஜெட்டி வாசலில் கொண்டுபோய் நிறுத்துவார். முதலாளி படகிலிருந்து இறங்கி, காரில் ஏறி, எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு பாங்கு வரைக்கும் போய்க் கௌரவமாக இறங்குவார். திரும்பும்போதும் அதேதான். அவர் படகில், கார் தனியாக. இதில் விசித்திரமாக ஏதோ இருப்பதாக ஆபீசில் யாருக்கும் தோன்றியதில்லை. எனக்கும் அன்றைக்குத் தோன்றவில்லை.

ஸ்வாமி சந்தேகப்பட்டது டிரைவர் வேலாயுதன் அண்ணனை. பள்ளுருத்திக்காரர். வீட்டில் பேசுவது தமிழ், ரோட்டில் திட்டுவது மலையாளம். வாய் நீளம் என்று பெயர் எடுத்தவர். ஸ்வாமி அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. பெட்ரோல் டேங்குக்குப் பூட்டு வைத்த மூடி ஒன்றை வாங்கி மாட்டி, சாவியைத் தன் பூணூலில் முடிந்துகொண்டார். பழைய சாதா மூடியை எறிய மனசில்லாமல் மேஜையில் பெட்ரோல் பில்களின் மேல் பேப்பர்வெயிட்டாக வைத்தார். பெட்ரோல் போட வேண்டுமென்றால் இனி ஸ்வாமியே பம்புக்கு வந்து மூடியைத் திறந்துவிட வேண்டும்.

மூடியைப் பார்த்த அன்றைக்கு வேலாயுதன் அண்ணன் மாடியேறி வந்தார்.

"சாமி, நான் கள்ளன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லணும். பூட்டு போட்டுக் காட்டப்படாது."

"யாருடா உன்னைச் சொன்னா? வெளியாள் எடுக்கப்படாதுன்னு போட்டது."

"வண்டில நான் ஒருத்தன்தானே இருக்கேன். வெளியாள் எங்கேருந்து வந்நு?"

ஸ்வாமி பில்லைப் புரட்டினார். பஜாரில் இந்த மாதிரி விஷயம் சாயாக்கடை வரைக்கும் தானே நடந்து போய்விடும். இன்னொரு கம்பெனி டிரைவர் அவரைப் பார்த்து, "சேட்டா, சாவி வச்சிருக்கியா?" என்று கேட்டுச் சிரித்ததை நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். மட்டாஞ்சேரியில் பெட்ரோல் திருடன் என்று பெயர் விழுந்த டிரைவருக்கு வேறு எந்த முதலாளியும் சாவி கொடுக்க மாட்டார். எனக்கு வருத்தமாக இருந்தது. ஆனாலும் கணக்கு கணக்குதானே என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த மாத பில் வந்தது. பூட்டு போட்ட பிறகும் லிட்டருக்கு மூன்று கிலோமீட்டர் இல்லை. ஸ்வாமி யோசித்துவிட்டு, "டூப்ளிகேட் சாவி பண்ணிட்டான்" என்றார்.

2. ஒரு லிட்டர் பாட்டில்

மைலேஜ் பார்க்க எளிய வழி, டேங்கை வாய்வரை நிரப்பி ஓட்டி, அதே பம்பில் அதே இடத்தில் நிறுத்தி மறுபடி நிரப்புவது. எத்தனை லிட்டர் பிடிக்கிறதோ அதுதான் செலவு. அதே பம்ப் என்பது முக்கியம். தரை சரிவாக இருந்தால் டேங்க் நிறைந்த மாதிரி காட்டி ஏமாற்றும். ஆனால் எங்கள் வண்டியில் மீட்டர் ஓடாது, டிரைவரை நம்பக் கூடாது. அதனால் தோப்பும்படி வொர்க்‌ஷாப் மேஸ்திரி தன் வழியைச் சொன்னார்.

அந்தக் காலத்து மெக்கானிக்குகள் எல்லோரும் செய்ததுதான். டேங்கிலிருந்து வரும் டியூபைக் கழற்றிவிட்டு, ஒரு லிட்டர் பெட்ரோல் பாட்டிலை பானெட்டுக்குள் கட்டி, அதிலிருந்து எஞ்சினுக்கு டியூப் கொடுப்பார்கள். பாட்டில் காலியாகி வண்டி எங்கே நிற்கிறதோ அதுதான் ஒரு லிட்டர் தூரம்.

பள்ளுருத்தி தாண்டி ஆலப்புழைக்குப் போகும் ரோட்டில் ஓரத்தில் கிலோமீட்டர் கல் உண்டு. அங்கே போனோம். முன்னால் வேலாயுதன் அண்ணனும் மேஸ்திரியும். பின்னால் ஸ்வாமியும் நானும், நடுவில் ஸ்வாமியின் குடை. ஒரு கல்லின் பக்கத்தில் பாட்டிலைத் திறந்துவிட்டுக் கிளம்பினோம். கல்லை எண்ணிக்கொண்டே வந்தேன். பத்தாவது கல் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வண்டி இரண்டு முறை இருமிவிட்டு நின்றது.

மேஸ்திரிக்குச் சந்தோஷம். "பழைய வண்டிக்கு இது நல்லாயிட்டுண்டு" என்றார்.

வேலாயுதன் அண்ணனுக்கும் சந்தோஷம். "கண்டா சாமி? நம்ம வண்டிக்கு ஒரு குறையும் இல்ல."

ஸ்வாமி குடையைத் தரையில் ஊன்றி இறங்கினார்.

"வண்டிக்குக் குறை இல்லைங்கறது தெரிஞ்சுடுத்து. வண்டி பத்து ஓடறது. கணக்குல மூணு. பாக்கி ஏழு எங்கேடா?"

வேலாயுதன் அண்ணனின் முகம் அப்படியே இறங்கிப்போனது. இந்தச் சோதனை தன்னைக் காப்பாற்றும் என்று நம்பித்தான் காலையில் வண்டியைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்திருந்தார்.

"அந்த ஏழ நான் குடிச்சேன்னா சாமி சொல்லுது?"

மேஸ்திரி டியூபை மாற்றி மாட்டினார். திரும்பி வரும் வழியில் பள்ளுருத்தியில் தன் வீட்டு முக்கைத் தாண்டும்போதுகூட வேலாயுதன் அண்ணன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

விஷயத்தைக் கேட்ட முதலாளி சத்தம் போடவில்லை. "இந்த மாசத்தோட நிறுத்திடுங்க. சரசு, நீ கணக்கை டைப் பண்ணிக் கையெழுத்துப் போட்டு வை" என்றார்.

3. அதே பாட்டில், வேறு ரோடு

கையெழுத்து என்றதும்தான் டைப் அடித்த காகிதத்தை இன்னொரு தடவை படித்தேன். காகிதத்தில் இருந்தது ஒரு மனிதன் திருடன் என்பது. அவர் பெட்ரோலை எடுத்ததை யாரும் பார்க்கவில்லை. ஆலப்புழை ரோட்டில் வண்டி நன்றாக ஓடியதை மட்டும்தான் நாங்கள் பார்த்திருந்தோம். திருட்டு நடப்பதாகச் சொல்வது எர்ணாகுளம் ரோட்டில். அந்த ரோட்டில் நான் ஒரு தடவைகூடப் போனதில்லை.

முதலாளியிடம் போய், "எர்ணாகுளம் போற அன்னைக்கும் அந்தப் பாட்டிலைக் கட்டிப் பாத்துடறேன். நானும் வண்டியில போறேன். வழியில என்ன நடக்குதுன்னு தெரியணும்ல?" என்றேன்.

"பாரு. ஒரு லிட்டர் போதும். போய்ட்டு வந்து மிச்சமும் இருக்கும்."

கணக்குப்படி சரிதான். ஏழு கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் தாராளம்.

அன்று காலை முதலாளி படகு ஜெட்டிக்குப் போனார். மேஸ்திரி ஆபீஸ் வாசலிலேயே பாட்டிலைக் கட்டித் திறந்துவிட, நான் அண்ணனோடும் அவரோடும் காரில் ஏறினேன். வண்டி எர்ணாகுளம் இருக்கும் திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தெற்கே கிளம்பியது.

"அண்ணே, எங்கே போறீங்க?"

"எர்ணாகுளத்துக்கு."

"அது அந்தப் பக்கமில்ல இருக்கு?"

"அந்தப் பக்கம் காயலாக்கும் மோளே. வண்டி நீந்துமா?"

தோப்பும்படி வந்தது. பாலம் வந்தது. பாலத்தில் லாரி வரிசை. அது முடிந்ததும் வெல்லிங்டன் தீவு. ஹார்பர் கட்டடங்கள், ரயில் தண்டவாளம், மறுபடி ரோடு. அப்புறம் இன்னொரு பாலம். அதையும் தாண்டி வண்டி வடக்கே திரும்பியது. நான் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். முதலாளி மாதிரி தலைசுற்றல் இல்லை. இத்தனை நேரமாகியும் எர்ணாகுளம் வரவில்லையே என்பதுதான்.

"இன்னும் வரலையா அண்ணே?"

"வரும். பாதிக்கு மேல வந்தாச்சு."

"ரெண்டு மைல்தானே?"

அவர் வண்டியை ஓட்டிக்கொண்டே கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "ரெண்டு மைலா? யார் சொன்னது?"

"எல்லாரும்."

"படகுக்காரன்கிட்டயா கேட்டீங்க?"

அந்த நேரத்தில்தான் வண்டி இருமியது. தேவரா தாண்டி ஒரு மரத்தடியில் போய் நின்றுவிட்டது. மேஸ்திரி பானெட்டைத் திறந்து காலி பாட்டிலைத் தூக்கிக் காட்டினார். ஆலப்புழை ரோட்டில் ஒரு லிட்டர் பத்துக் கிலோமீட்டர் என்று நாங்களே கல் எண்ணிப் பார்த்திருக்கிறோம். அப்படியானால் மட்டாஞ்சேரியிலிருந்து அந்த மரம் வரைக்கும் பத்து. ஜெட்டி இன்னும் வரவில்லை, அதற்கு இன்னும் இரண்டரை கிலோமீட்டர் இருக்கும் என்றார் மேஸ்திரி.

நான் மரத்தடியில் நின்று சிரித்துவிட்டேன். உடனே அழுகையும் வந்தது. வேலாயுதன் அண்ணன் ஒன்றும் புரியாமல் மேஸ்திரியைப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன். இத்தனை மாதமாக ஸ்வாமி என்ன தூரத்தை வைத்துக் கணக்குப் போட்டார் என்பதை அவரிடம் யாரும் சொன்னதே இல்லை. சந்தேகப்படுகிற ஆளிடம் கணக்கைக் காட்டுவது எங்கள் ஆபீஸ் வழக்கம் இல்லை.

அவர் சிரிக்கவில்லை. "அப்ப இவ்வளவு நாளா நான் காயல் மேல வண்டி ஓட்டின கணக்கா?" என்று மட்டும் கேட்டார்.

4. முதலாளி கார் ஏறினார்

டியூபை டேங்குக்கு மாற்றி மாட்டி ஜெட்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது முதலாளி வெயிலில் நின்று சிவந்திருந்தார்.

"ரெண்டு மைல் வர்றதுக்கு இவ்வளவு நேரமா? வழியில யாருக்கு வித்தீங்க?"

"ரோட்டுல ரெண்டு மைல் இல்ல முதலாளி. ஒரு போக்குக்குப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல வருது. பாட்டில் வழியிலேயே காலி."

"போ புள்ள. வெத்தல போட்டுத் துப்பறதுக்குள்ள வர்ற ஊரு. பன்னிரண்டாம்!"

"நம்பலைனா திரும்பும்போது வண்டியில வாங்க."

அவர் ஒரு அடி பின்னால் வைத்தார். "எனக்கு ஒத்துக்காது."

எனக்கு அவ்வளவு தைரியம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. "மூட்டையோட மேல்மிளகை மட்டும் பாத்து நீங்க விலை சொல்ல மாட்டீங்களே. குத்தூசிய அடி வரைக்கும் விட்டுப் பாக்கணும்னு எங்களைத் திட்டறது நீங்கதானே. இதையும் அடி வரைக்கும் பாத்துடுங்க" என்றேன்.

மிளகு வியாபாரியிடம் வேறு எதைச் சொல்லியிருந்தாலும் நடந்திருக்காது. அவர் இரண்டு எலுமிச்சம்பழம் வாங்கிக்கொண்டு பின்சீட்டில் ஏறினார்.

முதல் பாலத்தில், "இது எந்த இடம்?" என்றார். தீவில் வண்டி போய்க்கொண்டே இருந்தபோது, "மட்டாஞ்சேரி வந்தாச்சா?" என்றார். அதற்கப்புறம் கண்ணை மூடிக்கொண்டார். தோப்பும்படிப் பாலம் இறங்கியதும் ஜன்னலைத் தட்டினார். வேலாயுதன் அண்ணன் வண்டியை ஓரங்கட்டினார். முதலாளி இறங்கிப் போய்ப் பாலத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். அண்ணன் தண்ணீர் பாட்டிலை எடுத்துப்போய் நீட்டினார். அதைச் செய்யாமல் இருந்திருக்கலாம், செய்தார்.

முதலாளி வாயைக் கொப்பளித்துவிட்டு, "இன்னும் எவ்வளவு?" என்றார்.

"கொஞ்சம் உண்டு முதலாளி. பஜார்ல கைவண்டி நிறைய இருந்தா இன்னும் நேரமாகும்."

"இதைத்தான் ஒவ்வொரு தடவையும் ஓட்டறியா? காலி வண்டியா?"

"பின்னே?"

5. ஒரு போக்குக்கு எவ்வளவு

ஆபீசுக்கு வந்ததும் முதலாளி மிளகு மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டார். "பன்னிரண்டரை. போய்வர இருபத்தஞ்சு. ரெண்டரை லிட்டர். சரியாத்தான் குடிச்சிருக்கு" என்றார். வாந்தி எடுத்தாலும் கணக்கு கலையவில்லை. பிறகு என்னைப் பார்த்து, "மொத்தத்துல ஒரு தடவை போய்வர என்ன செலவாகுது?" என்றார்.

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். பெட்ரோலை மட்டும் வகுத்துப் பார்த்து வண்டிச் செலவு என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. அது பாதிதான். வண்டி ஓடினால் ஆகும் செலவு பெட்ரோல், ஆயில், டயர், சர்வீஸ். ஓடினாலும் ஷெட்டில் நின்றாலும் ஆகும் செலவு இன்ஷூரன்ஸ், டாக்ஸ், வருஷா வருஷம் வண்டியின் விலை குறைவது, டிரைவர் சம்பளம். எல்லாம் சேர்த்துச் சொன்னேன். பெட்ரோல் மட்டுமே ஒரு தடவைக்கு ஒன்பது ரூபாய்க்குக் கிட்ட வந்தது. முதலாளி படகுக்குக் கொடுத்தது சில்லறைக் காசு.

மணி ஸ்வாமி உடனே, "அப்போ வண்டியை வித்துடலாமே. ஜெட்டியிலேர்ந்து டாக்சி வெச்சுண்டா போறும்" என்றார்.

கதவுப் பக்கம் நின்ற வேலாயுதன் அண்ணனைப் பார்த்தேன். திருடன் இல்லை என்று நிரூபித்த அதே காகிதம் அவரை வீட்டுக்கு அனுப்பப் பார்க்கிறது. எனக்கு என் கணக்கின் மேலேயே கோபம் வந்தது.

"விக்க வேண்டாம் முதலாளி" என்றேன். "வண்டி அக்கரையிலேயே நிக்கட்டும். ஜெட்டி பக்கத்துல ஷெட் வாடகைக்குக் கிடைக்கும். அண்ணன் பள்ளுருத்தியிலருந்து பஸ்ல போவாரு. ரோட்டச் சுத்தற பெட்ரோல்ல ஷெட் வாடகையும் பஸ் சார்ஜும் போகப் பாக்கியும் இருக்கும். டாக்சின்னா நீங்க பாங்கு வாசல்ல நிறுத்தி வச்சு வெயிட்டிங் கட்டணும்."

"முதலாளி இக்கரையில, கார் அக்கரையிலயா? நன்னாருக்கு" என்றார் ஸ்வாமி.

முதலாளி மூட்டையை விட்டு எழுந்தார். "நான் இனிமே அந்த ரோட்டுல வரமாட்டேன். கார் அங்கேயே இருக்கட்டும். மீட்டர் கேபிளை நாளைக்கே மாத்துங்க."

கம்பெனியில் நான் கற்ற பாடம் என்றால் இதுதான். மைலேஜ் என்பது கிலோமீட்டரை லிட்டரால் வகுப்பது. லிட்டரைப் பம்புக்காரன் அளந்து பில் கொடுக்கிறான், அதனால் எல்லோரும் அதையே உற்றுப் பார்க்கிறார்கள். கிலோமீட்டரை யார் அளந்தது என்று கேட்பதில்லை. "தெரிஞ்ச ஊருதானே" என்று யாராவது சொன்னால் நான் இன்றும் உஷாராகிவிடுவேன். யாரையும் திருடன் என்று டைப் அடிப்பதற்கு முன்னால் அந்த ரோட்டில் ஒரு தடவை போய்வந்துவிடுவது நல்லது.

6. மூடி

அன்று சாயங்காலம் முதலாளி ஸ்வாமியிடம் கையை நீட்டினார். ஸ்வாமி பூணூலில் முடிந்திருந்த டேங்க் சாவியை அவிழ்த்துக் கொடுத்தார். முதலாளி அதை வேலாயுதன் அண்ணனிடம் நீட்டினார்.

"இனிமே நீயே வச்சுக்கோ."

அண்ணன் கையை நீட்டவில்லை.

"எனக்குச் சாவி வேண்டாம் முதலாளி. பழைய மூடி மதி. அது போதும்."

வாய் நீளம் என்று பெயர் எடுத்தவர் அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முதலாளி திரும்பி ஸ்வாமியின் மேஜையைப் பார்த்தார். நடந்துபோய் பில் கட்டின் மேல் இருந்த பழைய மூடியை எடுத்தார். ஃபேன் காற்றில் பெட்ரோல் பில்கள் எல்லாம் பறந்து தரையில் விழுந்தன. ஸ்வாமி குனிந்தார், பிறகு அப்படியே நிமிர்ந்துகொண்டார்.

முதலாளி படியிறங்கித் தெருவுக்குப் போனார். எதிர்க்கடையில் சாயா குடித்துக்கொண்டிருந்த டிரைவர்கள் எழுந்து நின்றார்கள். அவர் குனிந்து, பூட்டு மூடியைத் திறந்து எடுத்து, பழையதை வைத்துத் திருகினார். அது உட்காரவில்லை. வாழ்க்கையில் ஒரு டேங்க் மூடியை அவர் திருகியதில்லை. இந்தப் பக்கம் திருகினார், அந்தப் பக்கம் திருகினார். வேட்டியில் பெட்ரோல் பட்டது. வேலாயுதன் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார். உதவிக்குப் போகவில்லை. அது சரியாக உட்காரும் வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றார்.